என் அளவுக்குச் செய்த நாற்காலி

புரட்டாசி 9, வியாழன்

காலையிலேயே சுள்ளென்று வெயில். மேகம் கூடுகிறது, கலைகிறது. பெரம்பலூருக்கு மட்டும் மழை பெய்யக் கூடாதென்று யாராவது எழுதிக் கொடுத்துவிட்டார்களோ என்னவோ.

மல்லிகா குடிக்கிற தண்ணீரைக் குறித்து வைக்கச் சொன்னார் நர்ஸம்மா. வேறு நோட்டு அகப்படவில்லை. பட்டறையில் ஜன்னல் கிராதி அளவு எழுதுகிற நோட்டு இது. முன்பக்கம் ஜன்னல், பின்பக்கம் பெண்டாட்டி.

தண்ணீர்: காலை அரை டம்ளர். மாத்திரைக்கு ஒரு வாய். சாயங்காலம் காபி, அதிலும் பாதி மிச்சம்.

எட்டு டம்ளர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் கணக்கு. பக்கவாதம் வந்து ஏழு வாரம். இடது கை, இடது கால் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. வாக்கரைப் பிடித்துப் பத்தடி நடக்கிறாள். பேச்சு கொஞ்சம் குழறல். இதெல்லாம் தேறிவிடுமாம். தண்ணீர் குடிக்காமல் கிடந்து மூத்திரத் தொற்று வந்து, போன வாரம் மறுபடி திருச்சியில் மூன்று நாள். அதுதான் பயம். "இன்னொரு தடவ இப்படி வந்தா கிட்னி தாங்காதுங்க" என்று டாக்டர் அவளை வைத்துக்கொண்டே சொன்னார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழிப்பறைக்குப் போகப் பயந்துதான் குடிக்க மாட்டேன் என்கிறாள். அது எனக்குத் தெரியாதா. குந்தி உட்கார முடியாது. அதனால் நடுவில் ஓட்டை வைத்த இரும்பு நாற்காலி. இன்று முடித்துவிட்டேன். நானே உட்கார்ந்து பார்த்தேன். கச்சிதம்.

புரட்டாசி 10, வெள்ளி

அவளுக்குக் கால் தரையில் எட்டவில்லை. இரண்டு காலும் தொங்குகின்றன.

"நான் உக்காந்து பாத்துதான செஞ்சேன்?" என்றேன்.

"அப்ப நீங்களே உக்காந்துக்குங்க."

முப்பது வருஷமாகக் கதவும் கேட்டும் செய்கிறவன். ஐந்தடி எட்டங்குல ஆள் ஐந்தடி கூட இல்லாதவளுக்கு நாற்காலி செய்கிறேன். அளவெடுக்கவே இல்லை என்பது ராத்திரி சோறு தின்னும்போதுதான் உறைத்தது.

தண்ணீர்: ஒன்றரை டம்ளர். கெஞ்சியபின்.

புரட்டாசி 12, ஞாயிறு

இரண்டாவது நாற்காலி. கால்களை நாலங்குலம் அறுத்தேன். இரண்டு பக்கமும் கைப்பிடி. உட்காரும் இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றினேன், சில்லென்று இருக்கக் கூடாதென்று. அடியில் நாலு சக்கரம். பாத்ரூமுக்கு இப்போது கதவு இல்லை, திரைதான். அதுவும் நல்லதாகப் போயிற்று, தள்ளிக்கொண்டு நேராக உள்ளே போய்விடலாம். நானும் கூடவே நின்று தோளைப் பிடித்துக்கொள்ளலாம்.

பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷம். ஒன்றும் வரவில்லை.

"போங்க" என்றாள்.

"எங்க போறது? வுழுந்துட்டீன்னா?"

"வரல. கொண்டு போயி வுடுங்க."

மகன் மஸ்கட்டிலிருந்து போன். "ஆன்லைன்ல ஒண்ணு நல்லதா போட்டு வுடவாப்பா?" அப்பன் வெல்டர் என்பது மறந்துவிட்டது போல. வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

தண்ணீர்: ஒரு டம்ளர்.

புரட்டாசி 14, செவ்வாய்

எழுதக் கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

மோர் கொடுத்தேன், எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன், இளநீர் வெட்டி வாங்கி வந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். உதடு வெடித்திருக்கிறது. டம்ளரைச் சுவரில் எறிந்துவிட்டேன். "சாவணும்னா சொல்லிட்டுச் சாவு" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அவள் சத்தமில்லாமல் அழுதாள். வாயின் வலது பக்கம் மட்டும் கோணியது.

நானும் பின்பக்கம் போய் அழுதேன். யாருக்கும் தெரியாது.

பிறகு பட்டறைக்குப் போனேன். ஒன்றரை மாதமாக மாணிக்கம்தான் பார்த்துக்கொள்கிறான். இருபது வருஷமாக என்னோடு இருப்பவன், மூஞ்சிக்கு நேரே பேசுவான். நாற்காலி கதையைச் சொன்னேன். சிரித்தான்.

"செட்டிகுளத்து சல்லடை ஞாபகம் இருக்காண்ணே?"

இருக்கிறது. சின்ன வெங்காயம் தரம் பிரிக்கிற பெண்களுக்குக் குனிந்து குனிந்து இடுப்பு போகிறதே என்று, நின்றபடி சலிக்கிற மாதிரி உயரமான ஸ்டாண்டு செய்து கொடுத்தோம். ஒரு மாதம் கழித்துப் போனால் நாலு காலையும் அறுத்து எறிந்துவிட்டுத் தரையில் வைத்து உட்கார்ந்து சலிக்கிறார்கள். நாள் முழுக்க நிற்க அவர்களுக்கு முட்டி வலிக்கிறதாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"நாம கேக்கலண்ணே. அதான்" என்றான்.

இதற்குமேல் அவளிடம் என்ன கேட்பது? வாய் வலிக்கக் கேட்டாச்சு, குடி குடி என்று.

தண்ணீர்: முக்கால் டம்ளர்.

புரட்டாசி 15, புதன்

கொழுந்தியாள் சாந்தி வரதராஜன்பேட்டையிலிருந்து வந்தாள். முதல் பஸ். கையில் ஒரு பை முந்திரிப் பருப்பு. வந்ததும் என்னைக் கடைக்கு அனுப்பினாள். திரும்பி வந்தபோது அக்காளும் தங்கச்சியும் பேசிக்கொண்டிருந்தார்கள், என்னைக் கண்டதும் நின்றது.

மதியம் பின்பக்கம் கூப்பிட்டாள்.

"மாமா, அக்காவுக்கு நாற்காலி வேணாமாம்."

"சின்னதா இன்னொண்ணு செய்யறேன்."

"அய்ய, அதில்ல. கதவு வேணுமாம்."

"என்ன கதவு?"

"உள்ள தாப்பா போடற கதவு. நீங்க ஆம்பள, அவ தோளப் புடிச்சிக்கிட்டு நின்னா அவளுக்கு எப்படி வரும்? கேக்க மாட்டீங்களா?"

கட்டிய புருஷன். முப்பத்தோரு வருஷம். என்னிடம் என்ன வெட்கம் என்று கேட்டேன். சாந்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒங்கள தெனமும் ஒருத்தி புடிச்சிக்கிட்டு நின்னா போவீங்களா மாமா?"

ஆனால் அந்தக் கதவு ஏன் இல்லை என்பது இவளுக்குத் தெரியாது. பக்கவாதம் வந்த அன்று மல்லிகா உள்ளே தாழ் போட்டிருந்தாள். விழுந்த சத்தம் கேட்டது. கூப்பிட்டேன், முனகல் மட்டும். நான் செய்த கதவு, நான் அடித்த தாழ்ப்பாள். கடப்பாரை கொண்டு நெம்பியும் விடவில்லை, அவ்வளவு உறுதியாகச் செய்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து இரண்டு பேருமாக உடைத்தோம். சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் கை தப்பியிருக்கும் என்றார் டாக்டர். அந்த நேரம் முழுக்க நான் கதவோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது மறுபடி தாழ்ப்பாள் வேண்டுமாம். என்னால் ஆகாது.

தண்ணீர்: சாந்தி ஊட்டி இரண்டு டம்ளர்.

புரட்டாசி 16, வியாழன்

விடியற்காலை லேசான தூறல். பஸ் ஏறும்போது சாந்தி, "செஞ்சி குடுங்க மாமா. இல்லன்னா அவ குடிக்க மாட்டா. எனக்கு அவளத் தெரியும்."

உட்கார்ந்து கேட்டேன். பென்சிலோடு. வாடிக்கையாளரிடம் கேட்கிற மாதிரி. முதலில் பேசவில்லை. அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தாழ் மாதிரி வெட்டிச் சுவரில் வைத்துக் காட்டினேன். அப்புறம் வாய் திறந்தாள். அவள் சொன்னது:

— கதவு வெளிப்பக்கம் திறக்கணும். உள்ளே இடமில்லை.
— கீழே இடுக்கு இருக்கக் கூடாது. கால் தெரியுது.
— வலது கையால் பிடிக்கச் சுவரில் கம்பி. அந்தக் கையை எடுத்தால் விழுந்துவிடுவாளாம், அதனால் தாழை வேறெதாலாவது போடணும்.
— குழாய் உட்கார்ந்தபடி எட்டணும். ("தொறந்து வுட்டா சத்தம் வெளிய கேக்காது.")
— நாற்காலிக்குச் சக்கரம் வேண்டாம். ஓடுது.
— நான் கூடத்தில் இருக்கக் கூடாது. வாசலுக்குப் போய்விட வேண்டும்.

இதில் ஒன்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. வேறு எதால் தாழ் போடுவது என்று யோசித்து, முழங்கையால் தட்டினால் விழுந்து கொக்கியில் உட்காருகிற பட்டை ஒன்றை வரைந்தேன். அட்டையில் செய்து பார்த்தாள். இரண்டங்குலம் இறக்கச் சொன்னாள். இறக்கினேன்.

"வெளியிலேருந்து தொறக்க முடியாதுல்ல?"

"முடியாது."

புரட்டாசி 17, வெள்ளி

நாள் முழுக்கப் பட்டறை. ஆங்கிள் சட்டம், தகரம், புதுக் கீல். சாயங்காலம் கதவும் சுவர்க் கம்பியும் குழாயும் மாட்டியாச்சு.

இங்கே எழுதிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. தாழ்ப் பட்டைக்கு நேராகத் தகரத்தில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு துளை போட்டிருக்கிறேன். திருப்புளியை விட்டு நெம்பினால் பட்டை எழும்பும். துளையை மெழுகு வைத்து அடைத்து, சாம்பல் நிற பெயிண்ட் அடித்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாது. திருப்புளி அலமாரி மேல்.

பொய் சொன்னேன். செத்தாலும் அந்தக் கடப்பாரை இன்னொரு தடவை வேண்டாம்.

புரட்டாசி 18, சனி

ஆறு டம்ளர்!

காலையில் தானே கேட்டு வாங்கிக் குடித்தாள். வாக்கரோடு போனாள், டக்கென்று தாழ் விழுந்த சத்தம். நான் வாசலில். எதிர் வீட்டில் புரட்டாசி சனிக்கிழமை தளிகை, வடை கொடுத்தனுப்பினார்கள். அதிலும் ஒன்றரை தின்றாள். எட்டு வாரத்தில் இன்றுதான் தலை வாரிக்கொண்டாள்.

மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை.

புரட்டாசி 19, ஞாயிறு

கெடுத்துவிட்டேன்.

காலை ஒன்பதரைக்குப் போனாள். குழாய் ஓடுகிற சத்தம். வாசலில் நின்றேன். ஓடுகிறது, ஓடுகிறது, நிற்கவில்லை. உள்ளே வந்து கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் சத்தமாக. இல்லை. அலமாரி மேலிருந்து திருப்புளி. மெழுகைக் குத்தித் தள்ளி நெம்பித் திறந்தேன்.

உட்கார்ந்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். குழாய்ச் சத்தத்தில் என் குரல் கேட்கவில்லை.

என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தாள். சேலையை இழுத்து மூடப் பார்த்தாள், ஒரு கையால் முடியவில்லை.

வெளியே வந்து, குழறாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"வெளியிலேருந்து தொறக்கறதுன்னா அது தாப்பா இல்லீங்க."

அதற்குப் பிறகு பேசவில்லை. காலையில் குடித்த இரண்டு டம்ளர்தான்.

புரட்டாசி 20, திங்கள்

தண்ணீர்: ஒன்றுமில்லை.

காலில் விழாத குறை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு சுடுகிறது, வெயிலா காய்ச்சலா தெரியவில்லை. சாந்திக்குப் போன் போட்டேன். "நீங்க பண்ணதுக்கு நான் வந்து என்ன மாமா செய்யறது?" என்றாள்.

துளை இருந்தால் குடிக்காமல் போய்விடுவாள். துளை இல்லாவிட்டால் என்றைக்காவது உள்ளே விழுந்து கிடப்பாள், நான் வெளியே நிற்பேன். இரண்டில் எதை என் கையால் செய்வது? பகலெல்லாம் இதே யோசனை. கடவுள் மேல் கோபம், டாக்டர் மேல் கோபம், வெல்டிங் கற்றுக்கொடுத்தவர் மேல் கூடக் கோபம்.

நான்கு மணிக்குக் கதவைக் கழற்றி மினி ஆட்டோவில் ஏற்றினேன். துளைக்குத் தகடு வைத்துச் சுற்றிலும் வெல்டு. மாணிக்கம் பக்கத்தில் நின்று பார்த்தான்.

"நெசமா அடைக்கிறீங்களாண்ணே?"

வெல்டிங் கண்ணாடி போட்டிருந்ததால் என் கண் அவனுக்குத் தெரியவில்லை.

புரட்டாசி 21, செவ்வாய்

ராத்திரி நல்ல மழை பெய்திருக்கிறது. தெருவில் தண்ணீர்.

கதவை மாட்டிவிட்டு அவளைக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. "வந்து நீயே தடவிப் பாரு" என்றேன். வெகுநேரம் கழித்து எழுந்தாள். வாக்கரில் வந்து, வெல்டு வைத்த இடத்தை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினாள். உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. உள்ளே போனாள். தாழ் விழுந்தது.

"இப்ப தொறங்க" என்றாள் உள்ளேயிருந்து.

"எதுக்கு?"

"தொறங்க பாப்பம்."

திருப்புளி நுழைய இடமில்லை. ரம்பத் தகட்டை இடுக்கில் விட்டுப் பார்த்தேன், இடுக்கே இல்லை. கீல் பக்கம் நெம்பினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். விளையாட்டாக ஆரம்பித்தது, கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே திறக்கப் பார்த்தேன். அவள் உள்ளே, நான் வெளியே, நடுவில் நான் செய்த கதவு. மூச்சு வாங்கியது. இவ்வளவு நன்றாக ஏன் செய்தேன்.

"முடியலயா?"

"முடியல மல்லிகா."

"நெசமாவே?"

"நெசமாவே முடியல. போதும், தொற."

"தண்ணி எடுத்து மேச மேல வைங்க. வந்து குடிக்கிறேன். நீங்க வாசலுக்குப் போங்க."

சொம்பு நிறைய வைத்தேன். வாசலுக்கு வந்துவிட்டேன். நோட்டு கையில் இருந்ததால் எழுதுகிறேன். பத்து நிமிஷம் ஆகிறது. கூப்பிடக் கூடாது. கூப்பிட மாட்டேன்.