நூற்று ஐம்பத்தாறாவது கிலோமீட்டர்

ஜனவரி 9, வெள்ளி

இன்று ஆறு பல்செட். ஒன்று திரும்பி வந்தது. கடிக்கும்போது மேல்வரிசை ஆடுகிறதாம். டாக்டர் தடுப்புக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். இருபத்திரண்டு வருஷமாக நான் மெழுகில் அடுக்கிய பல்லை வைத்துக்கொண்டு பாதி ஊர் சிரிக்கிறது. அதில் ஒருவருக்கும் என் முகம் தெரியாது.

சாயங்காலம் சின்னவள் வந்தாள். நாத்தனார் என்றால் அவளுக்குப் பிடிக்காது. "என்ன அண்ணி, வில்லி மாதிரி இருக்கு" என்பாள். அவருடைய தங்கை, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். பார்லரில் நாள் பூராவும் நின்றபடி முடி வெட்டிவிட்டு வந்தவள், இங்கே வந்து தரையில் சாமான்களைப் பரப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் இருநூறு கிலோமீட்டர். காலை ஐந்துக்குக் கிளம்பி மாலை ஆறரைக்குள் முடித்தால் பதக்கம். சுமை குறைய வேண்டுமே! மாற்று ட்யூபும் வாழைப்பழமும் அவள் பையில். பம்ப் என் சைக்கிள் கம்பியில்.

"இன்னொரு பம்பும் எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? நாம என்ன பிரியவா போறோம்?"

சொன்னது நான்தான்.

ஜனவரி 10, சனி

பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி பையை மூன்றாவது தடவை பிரித்து அடுக்கினேன். நாற்பத்தாறு வயசில்!

ஜனவரி 12, திங்கள்

முடித்துவிட்டேன். மாலை 5.52.

சின்னவள் விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. முழங்கை வரை கட்டு, ஆறு வாரம்.

நடந்தது இதுதான். நூற்று நாற்பதுக்கு மேல் எதிர்காற்று. அவள் பின்தங்கினாள். "நீங்க போங்க அண்ணி, நான் வந்துடறேன்" என்றாள். போனேன். அதற்குப் பிறகு அவளுடைய முன்சக்கரம் பஞ்சர். ட்யூபை மாற்றிவிட்டாள். காற்றடிக்கப் பம்ப் இல்லை. நாங்கள்தான் கடைசி என்பதால் பின்னால் வேறு யாரும் வரவில்லை. வெயிலில் நான்கு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறாள். இறக்கம் வந்ததும், நேரம் போகிறதே என்று காற்றில்லாத சக்கரத்திலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறாள். வளைவில் டயர் கழன்றது. ஒரு பால் வண்டிக்காரர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

போன் செய்தாளாம். காற்று. எனக்குக் கேட்கவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் போனைப் பற்றி ஒன்றும் கேட்கவே இல்லை. "எப்படி ஆச்சு?" என்றுதான் கேட்டார். நானாகத்தான், "போன் அடிச்சது காதுல விழவே இல்லைங்க, காத்து அப்படி" என்றேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதை.

அவர் என் தோளில் கை வைத்து, "உன்னை யாரு குத்தம் சொன்னா?" என்றார்.

ஜனவரி 14, புதன்

இந்த நோட்டிலும் பொய் எழுதிவிட்டேன். இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று யாருக்குப் பொய் எழுதினேன்?

நூற்று ஐம்பத்தாறாவது கிலோமீட்டர். மஞ்சள் கல்லில் எண் பார்த்த ஞாபகம் இருக்கிறது. சட்டையின் முதுகுப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்தேன். 'சின்னவ' என்று இருந்தது. மணி 2.11. பஞ்சராகத்தான் இருக்கும் என்று அப்போதே தெரியும். பம்ப் என் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது, மிதிக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டு. திரும்பிப் போனால் எட்டோ பத்தோ கிலோமீட்டர், திரும்ப அதே எதிர்காற்று. என் நேரம் போய்விடும். பக்கவாட்டுப் பித்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்தினேன். பையில் போட்டேன்.

2.14-க்கு மறுபடியும் அதிர்ந்தது. இந்தத் தடவை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

இன்னும் ஒன்று. எழுதிவிட வேண்டும். எதிலும் அவள்தான் முன்னால் போவாள். சைக்கிள் வாங்கியதும் அவள்தான் முதலில். ஏற்றத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு போவாள், நான் நாய் மாதிரி இரைத்துக்கொண்டு பின்னால். அன்றைக்கு முதல் தடவையாக அவள் பின்னால் இருந்தாள். எனக்கு — பிடித்திருந்தது.

ஜனவரி 17, சனி

காலையில் ஏழு மணிக்கு அவள் வீட்டுக்குப் போகிறேன். இரண்டு தெருதான். தனியாக இருக்கிறாள், யார் பார்ப்பார்கள்? முகம் கழுவ, துணி போட, தலை பின்ன. இடுப்பு வரை முடி. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் விதவிதமாகத் தலை அலங்காரம் செய்கிறவளுக்கு என் கோணல் பின்னல்.

"அண்ணி, இந்தத் தலையோட நான் பார்லர் பக்கம் போனா, வேலையை விட்டே தூக்கிடுவாங்க."

சிரித்தேன். என் கை அவள் கழுத்தில் பட்டது. சூடாக இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நெஞ்சு இல்லை, கைதான் குறுகுறுக்கிறது.

ஜனவரி 25, ஞாயிறு

பார்லரிலிருந்து இரண்டு பெண்கள் அவளைப் பார்க்க வந்தார்கள். நான் உள்ளே டீ கலந்துகொண்டிருந்தேன். அவள் சொன்னது கேட்டது: "அண்ணிக்கு எப்படித் தெரியும், பாவம்? தெரிஞ்சிருந்தா பறந்து வந்திருப்பாங்க. இப்ப எனக்கு அம்மா மாதிரி செய்யறாங்க."

சர்க்கரை போட மறந்துவிட்டேன். எல்லோரும் குடித்தார்கள். 

பிப்ரவரி 3, செவ்வாய்

அவளிடமே முடி வெட்டிக்கொண்டு பழகிய வாடிக்கைக்காரிகள் நாலைந்து பேர் இப்போது வேறு பெண்ணிடம் உட்கார்கிறார்களாம். "போனவங்க திரும்பி வருவாங்களா அண்ணி?" என்று கேட்டாள். வருவார்கள் என்றேன். எனக்கு என்ன தெரியும்?

பிப்ரவரி 8, ஞாயிறு

பதக்கம் கொடுத்தார்கள். சைக்கிள் குழுவை நடத்துகிறவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். குழுவிலும் அவருக்கு அதே பெயர்தான். என்னை மேடையில் நிற்க வைத்து, "நாத்தனார் விழுந்ததுகூடத் தெரியாம, ஒரே மனசா ஓட்டி முடிச்சாங்க. இதுதாங்க கவனம்!" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் சின்னவள், தட்ட இரண்டு கை இல்லாததால், இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். பலமாக.

வீட்டுக்கு வந்து பதக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டினார். எங்கே உட்கார்ந்தாலும் கண்ணில் படுகிறது.

பிப்ரவரி 12, வியாழன்

வேலையில் ஒருவருக்குக் கீழ்வரிசையை மேல்வரிசை அச்சில் வைத்துவிட்டேன். டாக்டர், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார். ஆமாம் என்றேன். அதுவும் பொய்தான். இல்லை, அது பொய்யா?

பிப்ரவரி 19, வியாழன்

சைக்கிளை விற்கப் போகிறாளாம்.

"நான் லாயக்கில்ல அண்ணி. நல்ல ஓட்டுறவ இறக்கத்துல அப்படி ஏறி உக்காருவாளா? பொறுமை இல்ல. அவரும் அதைத்தான் சொல்லிட்டுப் போனார், உனக்குப் பொறுமை இல்லைன்னு."

அவள் புருஷன் பிரிந்து போய் ஏழு வருஷம் ஆகிறது. அவன் பேச்சை இவள் எடுத்து நான் கேட்டதே இல்லை. இப்போது எடுத்தாள், என்னால்.

ஞாயிற்றுக்கிழமை ஒருவர் சைக்கிளைப் பார்க்க வருகிறாராம். வேண்டாம் என்றேன். "இல்ல அண்ணி, அதைப் பார்த்தாலே என் புத்தியை நினைச்சு வெட்கமா இருக்கு" என்றாள்.

வெட்கப்பட வேண்டியவள் சும்மா அவள் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

சொல்லணும். சொன்னா என்ன ஆகும்? சொல்லாட்டி என்ன ஆகும்? அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? 

பிப்ரவரி 21, சனி

சொல்லிவிட்டேன்.

பாதிப் பின்னலில் இருந்தேன். அவள் முதுகு எனக்கு. முகம் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். கோழை.

"உன் போன் வந்தது. பார்த்தேன். பஞ்சரா இருக்கும்னு தெரியும். நேரம் போயிடும்னு எடுக்கல."

அவள் அசையவில்லை. 

"ரெண்டாவது தடவையுமா?"

"ஆமா."

"நான் எவ்வளவு நேரம் அந்த மரத்தடில நின்னேன் தெரியுமா? நீங்க பார்த்திருப்பீங்க, இதோ வந்துடுவீங்கன்னு இருபது நிமிஷம் நின்னேன். அப்புறம்தான் நடந்தேன்."

 மன்னிச்சுடு என்று ஆரம்பித்தேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"பின்னலை முடிச்சுட்டுப் போங்க."

முடித்தேன். அந்த முடி என்றைக்கும் எனக்கு அவ்வளவு நீளமாகத் தெரிந்ததில்லை. ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மாலையில் அவரிடமும் சொன்னேன். வெகுநேரம் தண்ணீர்த் தம்ளரையே திருப்பிக்கொண்டிருந்தார். "எடுக்காததைக்கூட விடு. ஏதோ வெறி. வராந்தாவுல நின்னுக்கிட்டு என் முகத்தைப் பார்த்து எப்படிச் சொன்னே?" என்றார். தங்கையைப் பார்க்கப் போய்விட்டார்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வழக்கம்போல் ஏழு மணிக்கு அவள் வாசலில் போய் நின்றேன். பார்லர் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் சின்னவள், காதுக்கு மேல் வெட்டிய தலையோடு. தரையில் முடி கிடந்தது.

"இனிமே பின்ன வேண்டியதில்ல" என்றாள். கோபமாகக்கூட இல்லை, தகவல் மாதிரி.

சைக்கிள் பார்க்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். இரவு வீட்டில் அவர்தான் சொன்னார், என்னைப் பார்க்காமல், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு.

மார்ச் 5, வியாழன்

கட்டுப் பிரித்தாகிவிட்டது என்று கேள்வி. விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லையாம்.

மார்ச் 6, வெள்ளி

அவள் இருக்கும் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். இரண்டு நிமிஷம் அதிகம்.

மார்ச் 29, ஞாயிறு

பதக்கத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு கணக்கு வாத்தியாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். திண்டாடிப்போனார் மனிதர். கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார்.

"இதை நான் எப்படிங்க வாங்கிக்கறது? நீங்க ஓட்டினது இருநூறு. அது இருநூறுதான். அதுல கழிக்கறதுக்கு எனக்கு வழி தெரியல."

"எனக்கு வேண்டாம் சார்."

"அப்ப எங்கிட்டயும் வேண்டாம். உள்ள எங்கேயாவது போட்டு வைங்க." கொஞ்சம் கழித்துச் சொன்னார்: "ஜூன்ல அடுத்த ஓட்டம். வழியில உக்கார்ந்து, ஓட்டறவங்க அட்டையில முத்திரை குத்த ஆள் கிடைக்க மாட்டேங்குது. எல்லாருக்கும் ஓட்டத்தான் ஆசை. உக்காருறீங்களா?"

உட்காருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 18, சனி

அவர் இன்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பல் தேய்க்கிற பிரஷ்ஷில் முகச்சவர க்ரீமைப் பிதுக்கிவிட்டேன், அதற்கு. இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

மே 23, சனி

சின்னவள் மறுபடி ஓட்டுகிறாளாம், வாத்தியார் குழுவோடு. முடி வெட்டவும் ஆரம்பித்துவிட்டாள். பழைய வாடிக்கைக்காரிகளில் இரண்டு பேர் திரும்பினார்களாம். மற்றவர்கள் வரவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

நூற்றுப் பதினெட்டாவது கிலோமீட்டரில் என் மேஜை. மூடியிருந்த பள்ளிக்கூடத்தின் மதில் நிழல். தண்ணீர் கேன், உப்பு பிஸ்கட், முத்திரை, மை அட்டை. காலை பத்தரையிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். குத்தினேன், நேரம் எழுதினேன், தண்ணீர் ஊற்றினேன்.

அவள் பெயர் பட்டியலில் இருந்தது. நேற்றே பார்த்துவிட்டேன்.

பன்னிரண்டே காலுக்கு வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் குட்டை முடி முள்ளு முள்ளாக நின்றது. அட்டையை நீட்டினாள். குத்தினேன். 12.16 என்று எழுதினேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"தண்ணி."

ஊற்றிக் கொடுத்தேன். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து குடித்தாள். எழுந்தவள், "அய்யோ" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வலது கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. முகம் கோணியது. நான் எழுந்து நின்றேன். கிட்டப் போகலாமா, தொடலாமா — ஒன்றும் புரியாமல் தண்ணீர் ஜக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வேடிக்கை பார்க்கறீங்களே, அமுக்குங்க."

ஜக்கை வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளே காலைத் தூக்கி என் மடியில் போட்டாள். ஷூவில் செம்மண். கெண்டைக்கால் கல்லாக இருந்தது. கட்டை விரலால் மேலிருந்து கீழே அமுக்கினேன்.

"இன்னும் கீழ. அங்க இல்ல... ஆ, அங்கதான்."

நாலு நிமிஷம் இருக்கும்.  கல் மெல்ல இளகியது. காலை எடுத்துக்கொண்டாள், இரண்டு பிஸ்கட்டை எடுத்துப் பையில் போட்டாள், ஏறி மிதித்துப் போய்விட்டாள்.

இன்னும் ஏழு பேர் வர வேண்டியிருந்தது. அடுத்து வந்தவரின் அட்டையில் நேரத்தைத் தப்பாக எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன்.