செவ்வாய்க்கிழமை அறை

அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம்; அங்கே நீ உடம்பாலும் மனசாலும் தெம்பாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் மேலே எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷனுக்கு அப்பா பெயர் கொடுத்திருப்பது உனக்குத் தெரியும். மனநல ஆலோசகர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் தேதி கிடைக்கும். அந்த ஆலோசகப் பெண்ணுக்கு உன்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். செவ்வாய்தோறும் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு அவளிடம் பேசுகிறார். வீட்டில் ம், சரி, அப்புறம் என்ற மூன்று வார்த்தைகளில் இருபத்து நான்கு வருஷத்தை ஓட்டிய மனுஷன்! நான் வெளியே பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருப்பேன். ஒருநாள் உள்ளே அவர் வாய்விட்டுச் சிரித்தது கேட்டது, எனக்கு வயிறு எரிந்தது. சந்தேகமெல்லாம் இல்லை, அசடே. அந்தச் சிரிப்பு எனக்கு வரவேண்டியது என்று தோன்றியது, அவ்வளவுதான். என்ன பேசினீங்க என்று பஸ்ஸில் கேட்டால், "அது எங்களுக்குள்ள" என்கிறார். எங்களுக்குள்ளயாம்!

சாப்பிடுமுன் மனசில் என்ன ஓடுகிறது என்று எழுத அவள் ஒரு நோட்டு கொடுத்திருந்தாள். அவர் குளிக்கப் போனபோது எடுத்துப் படித்தேன். தப்புதான், திட்டாதே. "பசியில்லை. வேண்டாம் என்றால் அவள் முகம் சுருங்கிவிடும். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்" என்று என்னைப் பற்றி எழுதியிருந்தார். ஒரு நாள் அல்ல, பதினோரு நாள். அதை என்னிடம் சொல்லாமல் அவளுக்கு எழுதியிருக்கிறாரே!

வீட்டு ஆளும் ஒருமுறை உள்ளே வந்து பேசவேண்டும் என்று அவள் கூப்பிட்டபோது தலைவலி, சிலிண்டர் வரும் என்று இரண்டு தடவை தட்டிக்கழித்தேன். கிடைக்கவிருந்த தேதி கைநழுவிப் போனது. "சுகர் ஏறிக்கிட்டே போகுதும்மா, இன்னும் தள்ளிப்போட்டா நான் பொறுப்பில்ல" என்று ஆபரேஷன் டாக்டர் என்னிடமே சொன்னார். நான் ஏன் வரவில்லை என்று அப்பா கேட்கக்கூட இல்லை. அதுதான் என்னை எழுப்பிக் கூட்டிப்போனது.

சண்டை போடத்தான் அவள் எதிரே உட்கார்ந்தேன். அப்பாவை வெளியே அனுப்பிவிட்டு, "அவர் மெலிஞ்சுட்டா உங்களுக்கு என்னம்மா பயம்?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், "அப்புறம் நான் எதுக்கு?" என்று வந்துவிட்டது. நோட்டைப் படித்ததையும் சொல்லி அழுதேன். நாற்பது நிமிஷம். உன்னிடம்கூட அவ்வளவு பேசியதில்லை, நீ பொறாமைப்படாதே.

கையெழுத்துப் போட்டுவிட்டாள், அடுத்த மாதம் ஆபரேஷன். "அப்படி என்னதான் பேசினே?" என்று வழியெல்லாம் அப்பா மூன்று தடவை கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாலாவது தடவையும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நீ நிறைவாக, நிம்மதியாக இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே: இனி ஃபோன் செய்தால் எடுத்த எடுப்பில் சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்காதே. வேறு எதையாவது கேள். என்ன கேட்பதென்று எனக்கும் இன்னும் பிடிபடவில்லை, தினம் ஒன்றாகக் கேட்டுப் பார்க்கிறேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா