குட்டை ஸ்டாண்ட்

பானு,

சாப்பிட்டாயா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் அதற்கு மட்டும்தான் பதில் போடுவாய்.

உன் கால் தரையில் எட்டட்டும் என்று தாழ்த்தினோமே, அந்த பைக் வேகத்தடை ஹம்ப்பில் ஏறும்போதெல்லாம் அடி உரசுகிறது. "அக்காதான் ஊரோட தங்கிட்டாங்களே, ஏத்திடுங்கண்ணே" என்றான் பக்கத்து ஃபிளாட் ஹஸ்னைன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பார்க்கிங்குக்கு இறங்கினேன்.

பின்பக்கம் சஸ்பென்ஷனைத் தாழ்த்த நாம் போட்ட நீள லிங்க்கைக் கழற்றிவிட்டு, வண்டியோடு வந்த கம்பெனி லிங்க்கையே மாட்டினேன். முன்பக்கத்தையும் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தேன். ஜாக்கிலிருந்து இறக்கி ஸ்டாண்ட் போட்டதும் வண்டி அப்படியே சாய்ந்து விழுந்தது. கண்ணாடி போயிற்று. எனக்கு ஒன்றுமில்லை.

உனக்காகத் தாழ்த்தியபோது சைடு ஸ்டாண்டையும் அறுத்துக் குட்டையாக்கினேன். அது மறந்தே போய்விட்டது.

இப்போதைக்கு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து நிறுத்தியிருக்கிறேன். இங்கே அல் குசைஸ் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் முழு உயர ஸ்டாண்ட் இருக்கிறது. அதை வாங்கிவிடட்டுமா, இல்லை வண்டியை மறுபடி இறக்கிவிடட்டுமா? இதற்கு மட்டும் பதில் போடு.

கட்டையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்