மூன்றாவது வரிசை நாற்காலி

செப்டம்பர் 9, செவ்வாய்
காலை ஷிப்ட். கையுறை பேக்டரியில் இன்று என் லைன் ஓடவில்லை, பெட்டி மடிக்க விட்டார்கள். ரமணி பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் காதில் ஏறவில்லை.
மார்க்கஸ் போய் இருபத்து மூன்று நாள். எனக்கு இருந்த ஒரே பிள்ளை.
நான் ரப்பர் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் வரும். பேக்டரியில் போன வருடம் கொடுத்த டைரி இது. அதில் உள்ள தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

செப்டம்பர் 10
சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 13, சனி
அதை எழுதிவிட வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை.
மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்க வைப்பது அவன் வேலை. ஆறு வருடமாகச் செய்தான், நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஜூலை ஐந்தாம் தேதி அவனே டிக்கெட் கொடுத்துக் கூட்டிப் போனான். சுங்கை பட்டாணியில் ஒரு காப்பிக் கடை மாடி. எனக்கு மூன்றாவது வரிசை.
அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்கும். ‘ம’ வந்தால் நின்றுவிடும். அதில் போய்ப் பேர் வைத்திருக்கிறோம். கடையில், பள்ளியில், கோவிலில், எங்கே அவன் நின்றாலும் நான் முடித்துக் கொடுப்பேன். இருபத்தாறு வயது வரைக்கும்.
அன்று ரோட் பிளாக் கதை சொன்னான். திகாம் பத்துவில் போலீஸ் இவன் பைக்கை நிறுத்துகிறான். லைசென்ஸ் வீட்டில். பேர் என்ன என்று கேட்கிறான். இவன் “ம்… ம்…” என்று நிற்கிறான். மேடையிலும் அப்படியே நின்றான். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. எனக்குத் தாங்கவில்லை. இத்தனை பேர் முன்னால் என் பிள்ளை மாட்டிக்கொண்டானே என்று…
“மார்க்கஸ்!” என்று கத்திவிட்டேன்.
கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள். அவனைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. அவன் மைக்கை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான்.
லூனாஸில் வீடு வந்து சேரும் வரை பேசவில்லை. வாசலில் ஒன்றே ஒன்று சொன்னான். “நா நிக்கிற எடந்தான் ஜோக்கு. அதையும் நீங்களே சொல்லிட்டீங்க.”
பிறகு ஆறு வாரம். ஒரே வீடு. போட்டதைச் சாப்பிடுவான், வாய் திறக்க மாட்டான். ஒரு ஞாயிறு காலையில் கடைக்குப் போனவனை லாரி அடித்துவிட்டது.
அந்தக் கதையின் மிச்சம் என்ன? எனக்கு இன்றுவரை தெரியாது.

செப்டம்பர் 16, செவ்வாய்
முப்பதாம் நாள் பூசை. தேவன் வந்திருந்தான். மார்க்கஸோடு மேடை ஏறுகிற பையன். பூசை முடிந்ததும் ஓரமாகக் கூப்பிட்டான்.
“இப்பல்லாம் ஹாலுக்கு யாரும் வர்றதில்ல ஆண்ட்டி. எல்லாம் போன்லதான் பாக்குறாங்க. கோலாலம்பூர்ல ஒரு கம்பெனி, மார்க்கஸ் பேசுன ரெக்கார்டிங்க வச்சு கம்ப்யூட்டர்லயே அவன் குரல் செய்யுறாங்க. வாரத்துக்கு ஒரு புது ஜோக். எழுதப்போறது நான்தான், அதுக்காக வேலையக்கூட விட்டுட்டேன். நீங்க சைன் வச்சா போதும்.”
செத்துப்போனவன் எப்படிய்யா புதுசாப் பேசுவான் என்று கேட்டேன்.
“என்ன எழுதிக் குடுத்தாலும் பேசும் ஆண்ட்டி.”

செப்டம்பர் 21
என்ன எழுதிக் கொடுத்தாலும்?

செப்டம்பர் 27, சனி
எனக்கு வெட்கம் போய்விட்டது. தேவனுக்குப் போன் அடித்தேன். “எம்மேல கோவம் இல்லன்னு அவனைச் சொல்ல வைப்பியா தம்பி?”
“நீங்க சொன்னா செய்யலாம் ஆண்ட்டி” என்றான்.
ஆண்டவரே, நான் செய்வது பாவமா? பாவமாகவே இருக்கட்டும். எனக்கு அது வேணும்.

அக்டோபர் 4, சனி
தேவன் வந்தான். பேப்பரை மேசையில் வைத்தான், போனை என் கையில் கொடுத்தான்.
“அம்மா, உங்க மேல எனக்குக் கோவம் இல்லம்மா.”
அவன் குரல்தான். அதே கரகரப்பு. தரையில் உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு தடவை போடு, இன்னொரு தடவை போடு என்று நாலு தடவை கேட்டேன். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.
ஐந்தாவது தடவைதான் உறைத்தது. அம்மா என்று ஒரே மூச்சில் சொல்கிறான். என் பிள்ளைக்கு அது ஒரு நாளும் ஒரே மூச்சில் வந்ததில்லை.
“ஏன்யா இதுல திக்கல?”
“அதெல்லாம் கம்பெனில கிளீன் பண்ணிட்டாங்க ஆண்ட்டி. கேக்குறவங்களுக்கு ஸ்மூத்தா இருக்கணும்ல.”
கிளீன். அழுக்கா அது?
அப்புறம் நினைச்சுப் பாத்தேன். நான் மட்டும் என்னா செஞ்சேன்? இருவத்தாறு வருசமா அதைத்தானே தொடச்சுக்கிட்டு இருந்தேன்.
பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 5
தேவன் திரும்ப வந்தான். சைன் வைக்காத பேப்பரைக் கையிலேயே கொடுத்தேன். முகம் தொங்கிப் போயிற்று. “இதை நம்பித்தான் ஆண்ட்டி வேலைய விட்டேன்.” எனக்குத் தெரியும் தம்பி. தெரிந்தேதான் கொடுத்தேன்.
கிளீன் பண்ணாத பழைய ரெக்கார்டிங் இருந்தால் கொண்டு வரச் சொன்னேன். பேப்பரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

அக்டோபர் 14
ஒன்பது நாள். அந்தப் பையன் வரவில்லை. மாதா படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். என்னைப் பார்க்க வேண்டாம்.

அக்டோபர் 23
இன்று பேக்டரியில் ஒரு பங்களாதேஷ் பையன் சூப்பர்வைசருக்குப் பதில் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டு நின்றான். நான் வாயைத் திறந்துவிட்டேன். ரமணி என் கையைப் பிடித்தாள். “விடுக்கா. அவனே சொல்லுவான்லா.” கழிவறைக்குப் போய் அழுதேன்.

நவம்பர் 2, ஞாயிறு
கல்லறைத் திருநாள். பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு பூசை முடிந்ததும் போனேன். கல் இன்னும் கட்டவில்லை, மண்தான். மண்ணில் மெழுகுவர்த்தி நிற்காமல் சாய்ந்துகொண்டே இருந்தது. கையிலேயே பிடித்துக்கொண்டேன்.
தேவன் வந்தான். நெற்றியில் விபூதியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தான். “கோவத்துல வராம இருந்துட்டேன் ஆண்ட்டி” என்றான். ஒரு இயர்போனை என் காதில் வைத்தான், இன்னொன்றை அவன் வைத்துக்கொண்டான். ஜூன் மாதம் மார்க்கஸ் கூலிம் மேடையில் பேசிய பழைய ரெக்கார்டிங்காம்.
ரோட் பிளாக் கதை.
போலீஸ் பேர் கேட்டான். “ம்…” என்று நின்றுவிட்டான் என் பிள்ளை. ஹாலில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள், பிறகு அதுவும் இல்லை. “ம்… ம்…” என் வாய்க்குள் அவன் பேர் வந்துவிட்டது. தேவன் என்னைப் பார்த்தான். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். மெழுகு விரலில் ஒழுகியது. ஒழுகட்டும் என்று விட்டேன். அத்தனை பேரும் அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். நானும்.
போலீஸ்காரனுக்கு அலுத்துப்போய், “பேர் இல்லாம எப்பிடிலா சம்மன் எழுதுறது? போ, போ” என்று விட்டுவிடுகிறான். இவன் பைக்கை எடுத்துப் பாதி தூரம் போகிறான். அப்போதுதான் பேர் வருகிறது. வந்த பேரை வீணாக்கக் கூடாது என்று திரும்பிப் போய் நிற்கிறான்.
“மார்க்கஸ்!”
அவனே சொன்னான்.
“ஆ, வந்துருச்சா? இரு, சம்மன் எழுதுறேன்.”
அங்கே ஹாலே சிரித்தது. இங்கே நானும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கல்லறையில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.
பார்க்கட்டும்.