அழகுக்கு வைத்த புள்ளிகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் இடது கட்டைவிரல் மட்டும் சுகமில்லை, அதன் கதையைத்தான் சொல்லப்போகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை அம்மாவிடமே சொல், என்னிடம் சொன்னால் நான் அப்படியே நம்பிவிடுகிறேனாம்.

அச்சகத்தில் பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிவிட்டு வேறு வகைக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருக்கிறார் முதலாளி. பார்க்கப் புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருக்கிறது, பழகினால்தான் குணம் தெரிகிறது. சுண்டுவிரலால் விசையை அழுத்திச் செய்த வேலையெல்லாம் இதில் இடது கட்டைவிரலால் செய்ய வேண்டும், அந்த வலிதான் இது. மூடுகிற பொத்தான் வலது மூலையில் இல்லை, இடது மூலையில் சிவப்பாக இருக்கிறது. பக்கம் வடிவமைத்தே தலை நரைத்தவன், நகல் எடுக்கத் தெரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து நம் பழைய கம்ப்யூட்டரைத் தொட்டால் அதுவும் மறந்துபோகிறது. "ரெண்டு வீட்டுக்கு மருமகளாப் போனவ மாதிரி முழிக்கிறீங்களே" என்கிறாள் உன் அம்மா. சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், பள்ளிக் கணக்குப் புத்தகம் வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் வடிவமைப்பு வேலையை வெளியே கொடுத்துவிட்டு என்னை முன்வாசலில் வாடிக்கையாளரைக் கவனிக்கப் போடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். அங்கே உட்கார்ந்தால் ஊர்வம்பெல்லாம் தேடி வருமே என்று மெய்ப்புப் பார்த்துப் பிழை திருத்துகிற அக்கா ஆசை காட்டினாள். வம்பு எனக்குப் பிடிக்கும்தான், ஆனால் இந்த வேலையை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும், சொல்.

இந்த நேரம் பார்த்து அந்தக் கம்ப்யூட்டர் மெஷின் படுத்துக்கொண்டது. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். சரக்கே சரியில்லை என்று நான் முதலாளியிடம் போட்டுக்கொடுக்க, அவர் விற்றவனைப் போனில் காய்ச்சி எடுத்தார். அப்புறம் அக்கா என் பின்னால் நின்று, திரையின் அடியில் வரிசையாக இருக்கிற படங்களுக்குக் கீழே புள்ளி புள்ளியாக இருக்கிறதே, அது எதற்கு என்று கேட்டாள். "அழகுக்கு வெச்சிருக்கான்க்கா" என்றேன், பெரிய மேதாவி மாதிரி. சொல்லி முடிப்பதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு படத்தை அழுத்தி 'வெளியேறு' என்று கொடுத்துப் பார்த்தேன், புள்ளி காணாமல் போயிற்று. சிவப்புப் பொத்தானை அழுத்தி நான் மூடியதெல்லாம் கண்ணுக்கு மறைந்ததோடு சரி, மெஷினை யாரும் அணைப்பதும் இல்லையா, முதல் நாளிலிருந்து திறந்த அத்தனையும் உள்ளே ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. "கதவைச் சாத்திட்டு உள்ள அடுப்பையெல்லாம் எரிய விட்டுட்டுப் போயிருக்கியே தம்பி" என்றாள் அக்கா. ஒவ்வொன்றாக வெளியேற்றினேன், மெஷின் குதிரையாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பாவம் அந்த விற்றவனுக்கு இன்னொரு அர்ச்சனை விழும் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறாமல் "அப்ப கோளாறு மெஷின்ல இல்ல" என்றார், அச்சகமே சிரித்தது. வியாழக்கிழமையே புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலம் முதலாளி வந்து, முன்வாசலுக்கு ஆள் தேவை என்று ஒரு விளம்பரம் வடிவமைத்துத் தரச்சொன்னார். இந்த ஜென்மத்தில் இவ்வளவு அழகாக ஒரு விளம்பரம் நான் செய்ததில்லை.

நோய் நொடியில்லாமல், நாலு பேர் மெச்ச நன்றாக இரு கண்ணு. முதுகை வளைத்து உட்காராதே. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்ய மறந்துவிடாதே, திட்டு எனக்குத்தான் விழுகிறது.

நாற்காலி பறிபோகாத மகிழ்ச்சியில்,
உன் அப்பா