பிரேக்டவுன் பொத்தானுக்கு ஒரு விளக்கம்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். சேலத்திலிருந்து நாமக்கல் வரை பேருந்தில் முகத்தில் அனல். ஜன்னலோரத்து ஆள் கண்ணாடியை மூட விடவில்லை. பெரிய மீசை. முகத்தை நினைவில் வைத்திருக்கிறேன்.

அலுவலகத்தில் புது வேலை. தந்தவர் மேலாளர் செந்தில். எனக்குப் பிறகு சேர்ந்து எனக்கு மேலே போனவர். இந்த நாட்குறிப்பில் இனி அவர் வெறும் ‘செ.’. லாரி உரிமையாளர்களுக்கான எங்கள் மென்பொருளை இனி ஏ.ஐ. இயக்குமாம். லோடு பிடிப்பது, வண்டி அனுப்புவது, மெக்கானிக்கைக் கூப்பிடுவது எல்லாம். அதிலுள்ள எந்தப் பொத்தான் எதற்கு, எப்போது கூடாது என்று அதற்குப் புரியும்படி நான் எழுதித் தரவேண்டும்.

“வெள்ளிக்கிழமை முதலாளி முன்னால ஓட்டிக் காட்டோணுங்க சார். சொதப்புச்சுன்னா எழுதற வேலை பெங்களூர் ஆளுங்களுக்குப் போயிரும். நீங்க கஸ்டமர் போன் எடுக்கற சீட்டுக்கு மாறிக்கலாம்.”

சிரித்துக்கொண்டே சொன்னார். முதுகலை ஆங்கில இலக்கியம், அதன்மேல் கணினிப் பட்டயம். போன் எடுக்க!

என் கையேடுகளை இதுவரை எவனும் பிரித்ததில்லை. இந்த ஏ.ஐ. வரிக்கு வரி படிக்குமாம். மகிழ்ச்சி. வெளியே காட்டவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

விளக்கம் எழுதி முடித்த பொத்தான்கள்: லோடு தேடு. வாடகை கேள். டிரைவருக்குத் தகவல். பிரேக்டவுன்.

கடைசியானதற்கு: ‘வண்டி பழுதாகி நிற்கிறது. உடனே மெக்கானிக்கையும் கிரேனையும் அனுப்பு.’ தெளிவு. சுருக்கம். இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.

செ. திரையைப் பார்க்காமலேயே, “சூப்பர் சார்.”

மதியம் எலுமிச்சைச் சோறு. உப்புத் தூக்கல். மனைவி ஸ்டெல்லாவிடம் சொல்லப்போவதில்லை, போன கிறிஸ்துமஸ் கேக்கைப் பற்றிச் சொன்னதே இன்னும் வீட்டில் ஓடுகிறது.

மாலை, சோதனைக்காகப் பரமத்தி வேலூர் பொன்னுசாமியின் வண்டிகளை ஏ.ஐ. கையில் கொடுத்தோம். எங்கள் வாடிக்கையாளர்களில் இவரே பெரியவர்.

ஜூன் 11, புதன்

காலையில் போன். பொன்னுசாமி. பேத்திக்குக் காதுகுத்து விருந்தாம். பின்னால் மேளச் சத்தம்.

“ஏனுங்க, எங்கூட்டுப் பந்தலுக்கு முன்னால எதுக்குங்க கிரேனு? சீர் கொண்டாந்தவங்கெல்லாம் அதச் சுத்தி நின்னு போட்டோ எடுக்கறாங்க!”

“உங்க வண்டி பிரேக்டவுன்னு காட்டுதுங்களே.”

“அது சும்மா போட்டதுங்க. வண்டி குண்டுக்கல்லாட்டம் நிக்குது. சமையல் பாத்திரமெல்லாம் அதுலதான் ஏத்தியாந்தோம்.”

“வண்டி வராதுன்னே சொல்லியிருக்கலாமுங்களே?”

“லோடு குடுக்கறவங்ககிட்ட வேண்டாம்னு எப்படிங்க சொல்றது? மூஞ்சி சுண்டிப் போயிருவாங்க. அடுத்த லோடுக்குக் கூப்பிட மாட்டாங்க. பிரேக்டவுன்னா ஆருக்கும் வருத்தமில்லீங்க. இங்க அல்லாரும் அப்படித்தான்.”

மெக்கானிக் பந்தியில் உட்கார்ந்துவிட்டாராம். மறுபடி பாயசம் கேட்டாராம்.

கடைசியில் குரல் மாறியது. “இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா உங்க சாப்ட்வேரே வேண்டாமுங்க.”

செ. முகத்தில் ஈயாடவில்லை. “பெங்களூர்ல சொல்லிரலாங்களா சார்? இல்ல, பொத்தானையே தூக்கிரலாமா?” கூடாது என்றேன். மரியாதைக்காக வைத்திருக்கும் பொத்தானை எடுத்தால் இந்த ஜனங்கள் எதைச் சொல்லித் தப்பிப்பார்கள்?

ஜூன் 12, வியாழன்

காற்று. ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது.

உண்மையை எழுதினேன்: ‘இந்த வட்டாரத்தில் பிரேக்டவுன் என்று குறித்த வண்டி பெரும்பாலும் நன்றாகவே ஓடும்.’ ஓட்டிப் பார்த்தோம். லோடு கொடுப்பவருக்கு ஏ.ஐ. தயாரித்த பதில்: ‘வண்டி நன்றாக உள்ளது. உரிமையாளர் வீட்டு விருந்துக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்.’ செ. தலையில் கை வைத்துக்கொண்டார். நல்லவேளை, சோதனைத் திரை, வெளியே போகவில்லை.

உண்மை சொல்பவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பது எனக்குத் தெரியாதா. பழைய கம்பெனியில் கற்றது.

மறுபடி: ‘பிரேக்டவுன் என்றிருந்தால் எதையும் அனுப்பாதே. உதவி வேண்டுமா என்று உரிமையாளரிடம் கேள். ஆம் என்றால் மட்டும் மெக்கானிக், கிரேன். லோடு கொடுப்பவரிடம் “மன்னிக்கவும், இன்று வண்டி இல்லை” என்பதற்கு மேல் பேசாதே. காரணத்தை வெளியில் சொல்லாதே.’

செ. எட்டிப் பார்த்து, “புது மருமகளுக்குப் புத்தி சொல்ற மாதிரி இருக்குதுங்க சார்.” நல்ல உவமை. அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

முதலாளி வந்தார். பொன்னுசாமியையும் அழைத்திருந்தார்கள், வெற்றிலைக் கட்டோடு வந்தார். எல்லோர் முன்னாலும் ஒரு வண்டியைப் பிரேக்டவுன் என்று குறித்தார். அவர் போனில் உடனே கேள்வி: உதவி வேண்டுமா? வேண்டாம் என்றார். லோடு கொடுப்பவருக்கு ஒற்றை வரி மன்னிப்பு. கிரேன் அசையவில்லை.

டீ வருவதற்குள் மறுபடி அதே கேள்வி. வேறு வண்டி, தொப்பூர் இறக்கத்தில் டிரைவர் குறித்தது. பொன்னுசாமி டிரைவருக்குப் போன் போட்டார். “நெசமாலுமே நின்னு போச்சாமுங்க! வரச் சொல்லுங்க, வரச் சொல்லுங்க!” ஆம் என்று அழுத்தினார். கிரேன் கிளம்பிய செய்தி வந்தது. முதலாளி கை தட்டினார்.

“இத எழுதுனது ஆரு?”

செ. தொண்டையைச் செருமினார். “டீமாத்தானுங்க...”

“அந்தா, அந்த சாருங்க,” என்றார் பொன்னுசாமி. “விருந்து நடக்கையில போன்ல என்னய நிறுத்தி வெச்சுக் கேள்வி கேட்டவரு. இதும் அவராட்டமே கேக்குது.”

“அப்ப மிச்சத்தையும் இவரே எழுதட்டும். பெங்களூரெல்லாம் எதுக்கு?”

மாலையில் செ. என் மேசைக்கு வந்தார். விளக்கக் குறிப்பின் கீழே தன் பெயரையும் சேர்க்கலாமா என்று கேட்டார். முதலில் முழுக்கப் படியுங்கள் என்று தாள்களைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பக்கத்து நாற்காலி காலிதான். உட்காரச் சொல்லவில்லை.