வானொலியில் தெரிந்த பிறை

786

திருக்கோகர்ணம்,
8-11-1959

மச்சான் சேக் அலாவுதீன் அவர்களுக்கு ஷேக் பரீது எழுதியது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் தங்கை ஹவ்வாவும் மகள் சம்சுன் நிஹாரும் குறை சொல்ல ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். கொழும்பில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஹவ்வா துஆ செய்கிறாள். என்னுடையதையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

ரஷ்யாக்காரன் நிலாவின் முதுகைப் படம் பிடித்துவிட்டான். பத்திரிகையில் வந்ததைச் சம்சுன் வெட்டி எடுத்து வைத்திருக்கிறாள். பார்த்தால் கரி பிடித்த தோசைக்கல் போலத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆதம் நபி காலத்திலிருந்து மனிதன் பார்க்காத பக்கம் அது. அதில் ஓரிடத்துக்கு மாஸ்கோக் கடல் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்துக்குக் கடல் என்று பெயர்! போய்ச் சேர்ந்தவன் பெயர் வைக்கிறான், மற்றவன் அதைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறான். வெள்ளைக்காரனிடம் நாம் கற்ற பாடமும் இதுதான். அமெரிக்கா ஒரு வருஷத்துக்குள் பதில் சொல்லும் என்று சக ஆசிரியர்கள் பந்தயம் கட்டுகிறார்கள். எனக்கு இரண்டு பேர் மீதும் நம்பிக்கையில்லை. இரண்டு பேரும் நிலாவுக்கு விடுவது, பிற்பாடு ஊர்கள் மீது விடப்போகும் குண்டுக்கு ஒத்திகை.

இதை உங்களுக்கு எழுதுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் நோன்பு இருபத்தொன்பதாம் நாள் மாலை நம் ஊர் கீரனூரில் மேகம். பிறை யாருக்கும் தெரியவில்லை. கொழும்பில் பிறை பார்த்தாயிற்று என்று இலங்கை வானொலி சொன்னது. என் வீட்டு ரேடியோவில், என் காதால் கேட்டேன். மறுநாள் பெருநாள் கொண்டாடினேன். பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லியும் என் மாமனாருமான உங்கள் அத்தா, “பெட்டி பேசுனா சாட்சியா? கண்ணால பாத்தவன் ஒருத்தனக் கொண்டா” என்றார். தெரு முழுக்க நோன்பு. என் வீட்டில் மட்டும் நெய்ச்சோறு வாசனை. குற்றம் அவ்வளவுதான். ஜமாஅத்தில் மாப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்கவில்லை. ஊர் என்னை விலக்கியது, நான் ஊரை விட்டு இங்கே வாடகைக்கு வந்தேன்.

அன்றைக்குக் கொழும்பு காலி முகத்திடலில் நின்று அந்தப் பிறையைப் பார்த்ததாக நீங்கள் எனக்கு எழுதினீர்கள். அந்த வருஷ ஆவணியில் ஊருக்கு வந்து ஒரு மாதம் அத்தா வீட்டில் சாப்பிட்டீர்கள். அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கல்யாண விஷயமாக நீங்கள் எழுதியதை ஹவ்வாவிடம் வாசித்துக் காட்டினேன். வேறு விசேஷமில்லை.

ஷேக் பரீது


786

கொழும்பு,
29-11-1959

அன்பு மாப்பிள்ளை பரீதுக்கு உங்கள் மச்சான் அலாவுதீனின் ஸலாம். அல்லாஹ் காவலில் நாங்கள் எல்லோரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை, கடைக்குள் சேலைக் கட்டெல்லாம் நமுத்துக் கிடக்கிறது.

நாலு பக்கம் நிலாவைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் கேட்ட ஒரே கேள்விக்கு ஒரு வரி. திருச்சிக் காலேஜ் விடுதியிலும் இப்படித்தான் இருந்தீர்கள். சாப்பிட வாடா என்றால் நியூட்டனைப் பற்றிப் பேசுவீர்கள். அப்போது போடா வாடா என்று திட்ட முடிந்தது. தங்கையைக் கொடுத்தபிறகு அதுவும் போயிற்று.

பிறையைப் பார்த்தேன் என்பது உண்மை. ஆனால் அத்தா என்னைக் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது என்று உங்களுக்குத் தெரியாதா?

மகன் உமர் பாரூக்குக்கு வயது இருபத்தைந்து ஆகிறது. சம்சுன் பிறந்த அன்றே அவனுக்கென்று பேசி வைத்த பெண். அவனுக்கும் வேறு நினைப்பில்லை. ஆனால் இங்கே இருக்கும் அவன் உம்மா வழிச் சொந்தத்தில் ஒரு பெண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எத்தனை நாள் தட்டிக் கழிப்பேன்? இங்கே அரசாங்கமும் நம்மை நாள் எண்ணி வைத்திருக்கிறது. பிரஜை இல்லை என்றார்கள், இங்கே இருக்கப் பெர்மிட் வாங்கு என்றார்கள். அந்தப் பெர்மிட்டையும் எப்போது நிறுத்துவார்கள் என்று தெரியவில்லை. அடுத்த பெருநாள் தாண்டி அதற்கடுத்த பெருநாளுக்குள் நிக்காஹ் முடிய வேண்டும். அது நம் ஊர்ப் பள்ளிவாசலில்தான், அத்தா முன்னால்தான். அவர் உயிரோடிருக்கும்போது மூத்த பேரனுக்கு வேறிடத்தில் நிக்காஹ் நடத்த என்னால் ஆகாது.

ஒரு வார்த்தை, மாப்பிள்ளை. மாப்பு என்று ஒரு வார்த்தை.

அலாவுதீன்


786

திருக்கோகர்ணம்,
5-6-1960

மச்சான் அவர்களுக்கு ஸலாம். பதில் தாமதமாகிவிட்டது. காரணம் எதுவும் இல்லை.

பாரிஸ் மாநாடு கலைந்ததைப் படித்திருப்பீர்கள். அமெரிக்க வேவு விமானம் ரஷ்ய வானத்தில் பறந்தது, சுட்டு வீழ்த்தினார்கள். ரஷ்யப் பிரதமர், அமெரிக்க ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டால்தான் உட்கார்ந்து பேசுவேன் என்றார். அவர் கேட்கவில்லை. உலகம் முழுவதும் எதிர்பார்த்த மாநாடு, காப்பி ஆறுவதற்குள் முடிந்தது. அமெரிக்கர் முதலில் பொய் சொன்னது தவறு என்பது என் அபிப்பிராயம். அது வானிலை பார்க்கிற விமானம் என்றார்களாம். ஆனால் மன்னிப்பை வாசற்படியில் வைத்து, இதைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும் என்பவனுக்குப் பேச்சில் விருப்பமில்லை என்று அர்த்தம். அவனுக்கு வேண்டியது குனிந்த தலை. நான் யார் கூரை மீதும் பறக்கவில்லை. என் வீட்டில் உட்கார்ந்து என் ரேடியோவைக் கேட்டேன்.

இந்தியா இரண்டு பக்கமும் சேராமல் நிற்பதைப் பெருமையாகப் பேசுகிறோம். இமயமலையில் சீனாக்காரன் சாலை போட்டபிறகு அந்தப் பெருமையின் விலை தெரிகிறது. நடுவில் நிற்பவன் இரண்டு பக்கமும் நண்பன் என்று நினைத்துக்கொள்கிறான். இரண்டு பக்கமும் அவனைக் கணக்கில் எடுப்பதில்லை. இதைப் பொதுவாகச் சொல்கிறேன்.

எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவி இந்த ஆண்டும் வரவில்லை. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது எங்கள் சர்வீசைக் குறைத்துக் கணக்குப் பண்ணியவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். கணக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை.

நீங்கள் விமானத்தில் வந்து போவதாக ஹவ்வா சொன்னாள். திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் போய்விடலாமாம். தனுஷ்கோடிக் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு போனதையெல்லாம் இனி யாரும் நம்பமாட்டார்கள். விஞ்ஞானம் தூரத்தைக் குறைக்கிறது என்பது பாதிதான் சரி. அது அளக்கக்கூடிய தூரத்தைக் குறைக்கிறது.

உங்கள் கடிதம் வந்த அன்று வீட்டில் நடந்த பேச்சையும் எழுதிவிடுகிறேன். நான் எழுதாவிட்டாலும் ஹவ்வா எழுதுவாள்.

“நெலாவுக்கே ராக்கெட்டு விட்டுட்டானுங்க. இந்தா கெடக்கு கீரனூரு. அங்கிட்டுப் போக ஒரு பஸ்ஸு ஏற முடியலை ஒங்களுக்கு” என்றாள்.

“பஸ் ஏறுறதுல ஒண்ணுமில்ல. எறங்குற எடத்துலதான் இருக்கு” என்றேன்.

“எறங்குற எடத்துல என்ன? புலியா நிக்கிது? எங்க அத்தா நிக்கிறாக.”

சம்சுன் அதுவரை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “மாப்புன்னு ஒரு வார்த்தைதானே அத்தா” என்றாள். “எனக்கு எத்தனை பாடம் சொல்லிக் குடுத்தீங்க. தெரியாத வார்த்தை ஒண்ண எனக்காகச் சொன்னா என்னவாம்?”

புத்திசாலிப் பெண். படிக்க வைத்ததன் பலன். நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்கும் அதே பதில்தான்.

ஷேக் பரீது


786

ஊர்,
4-3-1961

அன்பு மாப்பிள்ளைக்கு ஸலாம். நோன்போடு நோன்பாக ஊருக்கு வந்து சேர்ந்தேன். பாரூக்கும் கூட வந்திருக்கிறான். உங்களுக்கு ஒரு சேதி. உட்கார்ந்து படியுங்கள்.

அத்தாவுக்கு ஜப்பான் டிரான்சிஸ்டர் ஒன்று வாங்கி வந்தேன். சுங்கத்தில் அதைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே ஆள் இருக்கிறானா என்று பார்த்தார்கள் போல. அத்தா முதல் நாள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் அதில் குர்ஆன் கிராஅத் ஓதினார்கள்; திரும்பினார். மூன்றாம் நாள் செய்தி நேரத்தில், “காங்கோவுல என்னமோ அடிதடிங்கிறான். கொஞ்சம் சத்தமா வையிடா” என்றார். இப்போது அதைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குகிறார். பாட்டரி வாங்கி எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

போன ஜும்ஆவில் ஜமாஅத் கூடியது. இனிமேல் வானொலியில் பிறைச் செய்தி வந்தால் ஏற்றுக்கொள்வதென்று முடிவு. சொன்னவர் அத்தாதான். உங்கள் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெளியே வரும்போது அத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு, “அந்த மனுசன வரச் சொல்லு. மாப்பும் வேணாம் கீப்பும் வேணாம். பெருநாத் தொழுகைக்கு வந்து நம்ம வரிசையில நிக்கட்டும்” என்றார்.

அவ்வளவுதான், மாப்பிள்ளை. பெருநாள் காலையில் ஹவ்வாவையும் சம்சுனையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்துவிடுங்கள். தொழுகை முடிந்ததும் நிச்சயம். அடுத்த வாரமே நிக்காஹ். பாரூக்கின் பெர்மிட் இந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் அவன் கொழும்பில் இருக்க வேண்டும். இனிமேல் உங்களுக்கு என்ன தடை?

அலாவுதீன்


786

திருக்கோகர்ணம்,
19-3-1961
ஞாயிறு

மச்சான் அவர்களுக்கு ஸலாம். இன்று எனக்குப் பெருநாள். உங்களுக்கு நேற்றே முடிந்துவிட்டது. நான் வராததற்கான காரணத்தை ஹவ்வா தன் வார்த்தையில் சொல்லியிருப்பாள். என் வார்த்தையிலும் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை மாலை பள்ளிக்கூட மொட்டைமாடியில் நின்றேன். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. பிறை இல்லை. இருக்கவும் முடியாது என்று எனக்கு முன்பே தெரியும். அமாவாசை கழிந்து பதினெட்டு மணி நேரம்கூட நிறையவில்லை. அவ்வளவு இளம்பிறை சூரியன் இறங்கிய கையோடு தானும் இறங்கிவிடும். அந்தி வெளிச்சத்தில் கண்ணுக்கு அகப்படாது. பிறகு வானொலியில் எங்கோ பிறை பார்த்ததாகச் சொன்னார்கள். பார்த்தவன் வெள்ளியைப் பார்த்திருப்பான், அல்லது பார்க்க ஆசைப்பட்டிருப்பான். வானொலி என்பது ஒருவன் சொன்னதை இன்னொருவனுக்குக் கொண்டுபோகும் கருவி. பொய்யையும் அதே வேகத்தில்தான் கொண்டுபோகும்.

1956இல் கேட்டது அப்படியல்ல. அன்றைய பிறைக்கு ஏறக்குறைய ஒரு நாள் வயது. கணக்கும் வானொலியும் ஒத்துப்போயின. இந்த முறை ஒத்துப்போகவில்லை. உங்கள் அத்தா அன்று கண்ணை நம்பினார், இன்று பெட்டியை நம்புகிறார். நான் அன்றும் இன்றும் கணக்கை நம்புகிறேன். இதில் வீம்பு எதுவும் இல்லை.

சனிக்கிழமை விடியுமுன் எழுந்து ஸஹர் சாப்பாடு கேட்டேன். ஹவ்வா புதுச் சேலை கட்டிக்கொண்டு நின்றாள்.

“பெருநா அன்னைக்கு நோன்பு வைக்கிறது ஹராம். தெரியுமுல்ல?” என்றாள்.

“பெருநாள்னா ஹராம்தான்” என்றேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அன்னைக்கு ரேடியோ சொன்னது வேதம். இன்னைக்கு எங்க அத்தா ரேடியோவ நம்பிட்டாக. அதனால ரேடியோ பொய். நாளைக்கு அவுக ஒங்க கணக்க நம்புனா, ஒண்ணும் ஒண்ணும் மூணும்பீங்க.”

சம்சுன் என் தட்டில் சோறு போட்டாள். தண்ணீர் மொண்டு வைத்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு உம்மாவோடு போனாள். தெருமுனை வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் சத்தம் கேட்டது. அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டு நோன்பு வைத்தேன்.

நேற்று மாலை மேற்கே பிறை நன்றாகத் தெரிந்தது. எதிர்வீட்டுச் சொர்ணவல்லி அம்மாள், “ஒங்க பெற வந்துருச்சு சாரு, கொழுக்கட்டையாட்டம் இருக்கு” என்றார்கள். கொஞ்சம் தடிப்பாகத்தான் இருந்தது. அதை வைத்து அது இரண்டாம் பிறை என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை. நோன்பு திறந்தேன். பெருநாள் தொழுகை தனியாகத் தொழுவதற்குரியதல்ல. இருந்தாலும் இன்று காலை இரண்டு ரக்அத் தொழுதேன்.

நிச்சயம் நடந்துவிட்டதென்றும் வரும் வெள்ளிக்கிழமை நிக்காஹ் என்றும் கீரனூர் பஸ் கண்டக்டர் மூலம் ஹவ்வா சொல்லியனுப்பினாள். பெண்ணின் தகப்பன் வலீயாக, பெண்ணுக்குப் பொறுப்பாளனாக, உட்கார்ந்து கொடுக்காமல் நம் ஊரில் நிக்காஹ் எழுதமாட்டார்கள். என்னால் வர முடியாது. வந்தால், நேற்றுப் பெருநாள் என்று ஒப்புக்கொண்டதாகும். சம்சுனின் கல்யாணம் என் கணக்குக்காக நிற்கவும் கூடாது. பாரூக் நல்ல பிள்ளை. அவன் பெர்மிட் காத்திருக்காது.

ஆகவே இதனால் சொல்வது: என் மகள் சம்சுன் நிஹாரை உங்கள் மகன் உமர் பாரூக்குக்கு நிக்காஹ் செய்து கொடுக்க, என் இடத்தில் இருந்து நடத்தும் பொறுப்பை உங்கள் அத்தாவிடம் ஒப்படைக்கிறேன். அவரைவிடக் கண்டிப்பானவர் அந்த ஜமாஅத்தில் இல்லை.

காகிதத்தில் எழுதியதை அவர் ஏற்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஏற்கவும் வேண்டாம். முறைப்படி இரண்டு சாட்சிகளை அனுப்பட்டும். என் வாயால் சொல்கிறேன், அவர்கள் காதால் கேட்டுக்கொண்டு போகட்டும். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டில் இருப்பேன். தேத்தண்ணி மட்டும்தான் கிடைக்கும், சமைக்க ஆளில்லை.

வருகிற இருவரில் ஒருவர் நீங்களாக இருந்தால் எனக்கு ஆட்சேபணையில்லை.

ஷேக் பரீது